கோதுமைத் துருநோய்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் கோதுமை விளைவதில்லை. ஆனாலும் எங்கோ ஒரு நாட்டில் கோதுமைக்குத் துரு பிடித்தது என்று செய்தி வந்தால் இங்கே கேள்வி கிளம்பிவிடும். கமக்காரர் தன் வயலை நினைத்துக் கேட்பார். பேக்கரி வைத்திருப்பவர் மா விலையை நினைத்துக் கேட்பார். உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை பரீட்சையை நினைத்துக் கேட்கும். மூன்று பேருக்கும் சேர்த்து எழுதியது இது. முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் தங்கள் கேள்விக்கு நேரே போகலாம்.

எங்கள் ஊரில் கோதுமையே இல்லை. பிறகு எதற்கு இந்தக் கவலை?

வயல் இல்லை, சரி. கோதுமை இருக்கிறதே. சீனன்குடாவில் இருக்கும் பிறிமா ஆலை 1980 அளவிலிருந்து வெளிநாட்டுக் கோதுமையை அரைத்து வருகிறது. தானியக் கப்பல்கள் நம் துறைமுகத்துக்குள்ளேயே வந்து இறக்கிவிட்டுப் போகின்றன. காலையில் பாண், இரவில் ரொட்டி அல்லது கொத்து, அவசரத்துக்குக் கோதுமை மாப் பிட்டு என்று சாப்பிடுகிற வீட்டுக்கு அவுஸ்திரேலியாவின் வயலும் ரஷ்யாவின் வயலும் அவ்வளவு தூரம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையின் வரலாற்றையே திருப்பிப்போட்ட பயிர் நோய் ஒன்று இருக்கிறதென்றால், அது ஒரு துருநோய்தான். கோதுமையில் அல்ல, கோப்பியில். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

துருநோய் என்றால் என்ன? இரும்புத் துருவோடு ஏதும் தொடர்பு உண்டா?

நிறம் ஒன்றுதான், வேறு தொடர்பு இல்லை. இது பங்கசு நோய். பக்சீனியா என்ற பேரினத்தைச் சேர்ந்த பங்கசுகள் கோதுமையின் இலைக்குள்ளும் தண்டுக்குள்ளும் நுழைந்து வளர்ந்து, பிறகு மேல்தோலைக் கிழித்துக்கொண்டு கொப்புளமாக வெளியே வருகின்றன. அந்தக் கொப்புளத்தில் இருப்பது செம்மஞ்சள் அல்லது செங்கபில நிறத் தூள். விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி. ஒவ்வொன்றும் இன்னொரு செடியைப் பிடிக்கக்கூடியது.

இந்தப் பங்கசுவின் முக்கியமான குணம், உயிருள்ள செடியில் மட்டுமே வாழும் என்பது. செத்த வைக்கோலில் வளராது, மண்ணில் வளராது. செடியைக் கொன்றுவிட்டால் தனக்கும் சாப்பாடு இல்லை. ஆகவே செடியைச் சாகவிடாமல் வைத்துக்கொண்டே அதன் சத்தை உறிஞ்சுகிறது. கமக்காரர் கண்ணுக்குச் செடி நிற்கும், கதிரும் வரும், உள்ளே மணி இருக்காது.

எத்தனை வகை? எப்படி இனம் பிரிப்பது?

கோதுமையில் மூன்று. தண்டுத் துரு (கருந்துரு என்றும் சொல்வார்கள்), இலைத் துரு, மஞ்சள் துரு.

தண்டுத் துருதான் பயங்கரமானது. தண்டிலும் இலையுறையிலும் நீள நீளமான கொப்புளங்கள் வந்து, தோல் கிழிந்து தொங்கும். பயிர் முதிரும்போது அதே இடம் கறுத்துவிடும். வெப்பத்தை விரும்புவது இது. 20 பாகை செல்சியசுக்கு மேலே நன்றாகப் பெருகும். இலைத் துரு இலையில் சிதறிய சின்னச் சின்ன வட்டப் புள்ளிகளாக வரும், நடுத்தர வெப்பம் போதும். மூன்றிலும் அதிகம் பரந்து காணப்படுவது இதுதான். மஞ்சள் துரு குளிரை விரும்பும். 10 முதல் 15 பாகைதான் அதற்குச் சுகமான காலநிலை. இலை நரம்புகளுக்கு இடையே மஞ்சள் கோடு இழுத்ததுபோல வரிசையாக வரும் என்பதால் வரித்துரு என்றும் அழைக்கப்படும்.

மூன்றுக்கும் பொதுவான தேவை ஈரம். இரவில் சில மணி நேரம் இலையில் பனி நின்றால் போதும், வித்தி முளைத்து உள்ளே போய்விடும்.

இவ்வளவு வேகமாக எப்படிப் பரவுகிறது?

கணக்கைப் பாருங்கள். ஒரு வித்தி இலைக்குள் போய், கொப்புளமாகி, புதிய வித்திகளை வெளியே விட ஒன்று முதல் இரண்டு வாரம். ஒரு கொப்புளம் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வித்திகளை விடும். கோதுமை வயலில் மூன்று நான்கு மாதம் நிற்கிறது. இந்தச் சுற்று எத்தனை தடவை ஓடும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் காற்று. துரு வித்திகள் காற்றில் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும். மனிதனும் காவிக்கொண்டு போவான். 1979-இல் அவுஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் மஞ்சள் துரு வந்தபோது, ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் வந்த யாரோ ஒருவரின் உடையில் ஒட்டி வந்திருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இந்த இடத்தில் நமக்கு அயலில் இருக்கும் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். இந்தியாவின் சமவெளியில் கோடை வெயில் அடிக்கிற அடியில் துரு வித்தி ஒன்றும் தப்பாது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் கோதுமைக் காலத்தில் துரு எங்கிருந்தோ திரும்பி வந்துவிடும். எங்கிருந்து? ஆக்ராவில் வேலை செய்த கே. சி. மேத்தா இந்தப் புதிரை எடுத்துக்கொண்டு பல வருடம் மலை மலையாக அலைந்து ஆராய்ந்தார். அவர் கண்டது: துரு மலைகளில் கோடையைக் கழிக்கிறது. வடக்கே இமயமலைச் சரிவு. தெற்கே தமிழ்நாட்டின் நீலகிரியும் பழனி மலையும். அங்கே குளிர் இருப்பதால் வருடம் முழுவதும் ஏதாவது கோதுமைச் செடி பச்சையாக நிற்கும், அதில் துரு உயிரோடு கிடக்கும்.

நீலகிரியிலிருந்து மத்திய இந்தியாவுக்கு அது போகிற வாகனம் எது தெரியுமா? வங்காள விரிகுடாப் புயல். நவம்பர் மாதம் தமிழ்நாட்டுக் கரையை நெருங்குகிற புயலின் காற்று, மலையில் இருக்கும் வித்திகளை மேலே தூக்கி வடக்கே கொண்டுபோய், மழையோடு வயலில் இறக்கிவிடுகிறது. எந்தப் பாதையில் புயல் போனால் அந்த வருடம் தண்டுத் துரு வரும் என்று கணிக்கிற விதிகளையே பின்னால் வந்த இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் பெரும்போகத்துக்கு மழை கொண்டுவருகிற, வருடா வருடம் நாம் வானொலிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற அதே புயல்கள்தான். இன்றைக்கும் நீலகிரி வெலிங்டனில் கோதுமைத் துருவுக்கென்று ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. புதிய கோதுமை இனங்கள் துருவைத் தாங்குமா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நோய் தானாகவே வந்து சேரும்.

என் நெல்லுக்கு இது வருமா? இலையில் கபில நிறமாகப் புள்ளி இருக்கிறது.

வராது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் முள்ளிப்பொத்தானையிலும் இருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கோதுமை, பார்லி, ஓட்ஸ், சோளம், இறுங்கு, கரும்பு என்று புல்லினப் பயிர்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு துரு உண்டு. நெல்லுக்கு மட்டும் இல்லை. உலகம் முழுவதும் நெல் விளைகிற எந்த நாட்டிலும் நெல்லைத் தாக்கும் துருநோய் அறியப்படவில்லை. நெல்லின் அந்தக் காப்பை எடுத்துக் கோதுமைக்குக் கொடுக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

அப்படியானால் உங்கள் வயலில் இருப்பது என்ன? பல இருக்கலாம். எள்ளு விதை அளவில் கபில நிறப் புள்ளிகள் இலை முழுவதும் இருந்தால் கபிலப்புள்ளி நோயாக இருக்கக்கூடும். சத்துக் குறைந்த மண்ணிலும், பொட்டாசியம் போடாத வயலிலும், தண்ணீர் தட்டுப்பட்ட பயிரிலும் அது கூட வரும். இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 1943 வங்காளப் பஞ்சத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற நோய் அது. இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாக, கண் வடிவில் புள்ளி இருந்தால் எரிபந்தம். யூரியாவை அள்ளிப்போட்ட வயலைத் தேடி வருவது இது. வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து, அடியில் பூச்சி மொய்த்தால் நோயே இல்லை, அறக்கொட்டி. நாகச் சத்துக் குறைந்தாலும் இளம்பயிரின் இலை துரு நிறமாகும். ஈரவலயத்தின் சேற்று நிலங்களில் உண்மையாகவே இரும்பு கூடி இலை செம்பு நிறமாவதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அதுதான் இரும்போடு தொடர்புள்ள ஒரே 'துரு'.

ஒரு எளிய சோதனை. வெள்ளைக் கடதாசியை அல்லது விரலை இலைமேல் அழுத்தித் தடவிப் பாருங்கள். துரு என்றால் நிறத்தூள் ஒட்டும். கபிலப்புள்ளியும் எரிபந்தமும் ஒட்டாது, புள்ளி இலையின் தசையிலேயே இருக்கும்.

துரு என்று நினைத்துக் கடையில் சொன்னதை வாங்கி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அறக்கொட்டிக்குப் பங்கசுநாசினி அடித்து என்ன பயன்? காசும் போய், அதற்குள் வயலும் காய்ந்துவிடும்.

அப்போ நம் பக்கத்தில் எந்தப் பயிருக்குத்தான் துரு வரும்?

கச்சானுக்கு வரும். இலையின் கீழ்ப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள், பிறகு இலை காயும், ஆனால் உதிராமல் செடியிலேயே தொங்கும். சோளத்துக்கு வரும். பயற்றைக்கும் கௌபிக்கும் போஞ்சிக்கும் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துரு. கச்சான் துரு சோளத்துக்குப் போகாது, சோளத் துரு கச்சானுக்கு வராது. கோதுமைத் துரு இவை எதையும் தொடாது. இந்தப் பங்கசுகளுக்கு வாய் அவ்வளவு தெரிவு.

கப்பலில் வரும் கோதுமையோடு நோய் வந்து இறங்கிவிடாதா?

துருவைப் பொறுத்தவரை அந்தப் பயம் வேண்டாம். அது விதையின் உள்ளே இருந்து பரவும் நோய் அல்ல. தானியத்தின் மேல் சில வித்திகள் ஒட்டி வந்தாலும், அவை முளைக்க உயிருள்ள கோதுமைச் செடி வேண்டும். சீனன்குடாவைச் சுற்றி அது எங்கே இருக்கிறது? வந்த வித்தி அப்படியே செத்துப்போகும்.

தாவரத் தனிமைப்படுத்தல் சோதனை வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. தானியத்தோடு வரக்கூடிய களை விதை, களஞ்சியப் பூச்சி, வேறு நோய்கள் என்று கவனிக்க நிறைய உண்டு.

துருப் பிடித்த கோதுமையின் மாவைச் சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதியா?

இல்லை. துரு இலையிலும் தண்டிலும் இருக்கும் நோய். மணியில் நஞ்சை உண்டாக்குவதில்லை. கதிரைத் தாக்கும் பியுசேரியம் என்ற பங்கசுவும் எர்கொட் என்ற பங்கசுவும்தான் நஞ்சு உண்டாக்குபவை. அவற்றோடு இதைக் குழப்ப வேண்டாம். பாணில் இரண்டு மூன்று நாளில் வருகிற பச்சை, கறுப்புப் பூஞ்சணமும் இது இல்லை, அது வீட்டுக் காற்றில் இருந்து வருவது. அந்தப் பாணை மட்டும் எறிந்துவிடுங்கள்.

ஆலைக்காரருக்கு வேறு பிரச்சினை உண்டு. துருப் பிடித்த வயலின் மணி சுருங்கிப்போயிருக்கும். சுருங்கிய மணியை அரைத்தால் மா குறைவு, தவிடு கூட. அதனால்தான் கோதுமை வாங்குகிறவர்கள் எடையோடு நிறுத்தாமல், ஒரு குறிப்பிட்ட கொள்ளளவில் எவ்வளவு எடை நிற்கிறது என்றும் பார்க்கிறார்கள்.

கமக்காரருக்கு நட்டம் எப்படி வருகிறது?

இலையின் பச்சை குறைந்தால் செடி சமைக்கிற உணவு குறையும். சமைத்ததிலும் ஒரு பங்கைப் பங்கசு எடுத்துக்கொள்ளும். தோல் கிழிந்த இடங்களால் தண்ணீர் வெளியேறும். தண்டுத் துரு என்றால் தண்டே பலவீனமாகி ஒடிந்து சாயும். இவ்வளவும் நடப்பது கதிர் பால் பிடிக்கிற நேரத்தில். அறுவடைக்கு மூன்று வாரம் முன்பு நன்றாக இருந்த வயல் அறுவடையில் ஒன்றுமில்லாமல் போவது தண்டுத் துருவில் மட்டும்தான் என்று கோதுமை நாடுகளில் சொல்வார்கள். அது மிகை இல்லை.

ஆனால் விளைச்சல் குறைவதைவிடக் கொடுமையானது, உரம், உழவு, கூலி, கடன் எல்லாம் செலவான பிறகு நோய் வருவதுதான். நாற்றில் செத்தால் மறுபடி விதைக்கலாம். கதிரில் செத்தால் வட்டிக்கு எடுத்த காசுக்கு யாரிடம் போவது? மூதூரிலும் வெருகலிலும் வெள்ளத்தில் குடலைப் பயிரைப் பறிகொடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெரிய அழிவுகள் எப்போது நடந்தன?

பழைய ரோமர்களே இதற்குப் பயந்து ரொபிகஸ் என்று ஒரு துருத் தெய்வத்தை வைத்து, ஏப்ரல் 25-ஆம் திகதி நாய் பலி கொடுத்து விழா எடுத்தார்கள். நமக்கு நெருங்கிய காலத்தில் 1916-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தண்டுத் துரு பெரிய அழிவைச் செய்தது. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், பாணே ஆயுதமாக இருந்த நேரம். 1953, 1954-இல் மறுபடி வட அமெரிக்காவில் '15பி' என்ற புதிய வகை வந்து, பாஸ்தாவுக்குப் பயன்படும் டியூரம் கோதுமையைப் பெருமளவு அழித்தது. 1973-இல் தென்கிழக்கு அவுஸ்திரேலியா.

1916 அழிவுக்குப் பிறகு அமெரிக்கா செய்த காரியம் சுவாரசியமானது. பார்பெரி என்று ஒரு முட்செடி. வேலிக்கும் பழப்பாகுக்கும் ஐரோப்பியர் கொண்டுபோய் வைத்தது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் கோதுமைக்குத் துரு கூட வருகிறது என்பதைக் கமக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். கனெக்டிகட் குடியேற்றத்தில் 1726-இலேயே அந்தச் செடியை அழிக்கச் சட்டம் வந்தது. படித்தவர்கள் பலர் அதை மூடநம்பிக்கை என்றார்கள். 1865-இல்தான் ஜெர்மன் விஞ்ஞானி அன்டன் டி பாரி, தண்டுத் துரு தன் வாழ்க்கையின் ஒரு பாதியைப் பார்பெரியில் கழிக்கிறது என்று நிரூபித்தார். 1918-இல் அமெரிக்க அரசு அந்தச் செடியைப் பிடுங்கியெறிய ஆட்களைத் திரட்டியது. பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து பிடுங்கினார்கள். வயலில் நிற்பவன் சொல்வதைக் கேட்க ஆய்வுகூடத்துக்கு இவ்வளவு காலம் எடுத்தது எனக்கு ஆச்சரியமில்லை.

பரீட்சைக்கு: துருவுக்கு ஐந்து வகை வித்தி என்கிறார்களே?

தண்டுத் துருவுக்கு ஐந்து. கோதுமையில் செந்தூளாக வந்து கோதுமையிலிருந்து கோதுமைக்கே பரவுவது யூரிடோ வித்தி. பயிர் முதிரும்போது கறுப்பாக வருவது டீலியோ வித்தி, குளிர்காலத்தைத் தாங்குவது. அது முளைத்துத் தருவது பசிடியோ வித்தி. இது கோதுமையைத் தொடாது, பார்பெரிக்குப் போகும். பார்பெரியில் பிக்னியோ வித்திகள் கலந்து புதிய சேர்க்கை உண்டாகும், இந்தக் கட்டத்தின் வேலை என்ன என்பதை 1927-இல் கனடாவின் கிரெய்கி கண்டுபிடித்தார். கடைசியில் ஏசியோ வித்தி பார்பெரியிலிருந்து திரும்பக் கோதுமைக்கு வரும். பார்பெரியில்தான் புதுப்புது வகைகள் பிறக்கின்றன என்பதை விடையில் ஒரு வரி எழுதுங்கள். இந்தியாவில் பார்பெரிக்குப் பங்கில்லை, செந்தூள் மட்டுமே போதுமாக இருக்கிறது.

இலங்கையைத் திருப்பிப்போட்ட துரு என்றீர்களே?

கோப்பித் துரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மலைநாடு முழுவதும் கோப்பி. உச்சத்தில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல். தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் முதலில் கொண்டுவரப்பட்டதே கோப்பிக்காகத்தான், தேயிலைக்கு அல்ல. 1869-இல் மடுல்சீமைப் பக்கம் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. அதே வருடம் இங்கிலாந்தில் பெர்க்லி அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். 'வாஸ்டாட்ரிக்ஸ்' என்றால் பாழாக்குவது.

முதலில் துரைமார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது, விளைச்சல் குறைந்தாலும் வருமானம் வந்தது, இன்னும் காட்டை வெட்டிக் கோப்பியையே நட்டார்கள். 1880-இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானியை அரசாங்கம் வரவழைத்தது. இரண்டு வருடம் இங்கே இருந்து, வித்தி காற்றில் பரவுவதையும் ஈர இலையில் முளைப்பதையும் அவர் தெளிவாகக் காட்டினார். மலை மலையாக இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்கு வழி திறந்துவிட்டது என்றும் சொன்னார். மருந்து அவரிடம் இல்லை. 1884-இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கொடுத்த கடனும் அதற்கு ஒரு காரணம். நூற்றாண்டு முடிவதற்குள் கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது.

துரைமார் வேறு பயிருக்கு மாறினார்கள், சிலர் கப்பலேறினார்கள். கூலி நிலுவையோடு லயத்தில் கிடந்தவர்கள் பட்ட பாட்டை நோயியல் புத்தகங்கள் எழுதுவதில்லை.

எதிர்ப்புள்ள இனத்தை விதைத்தால் முடிந்துவிடாதா?

முடிந்திருந்தால் 1950-களிலேயே முடிந்திருக்கும்.

கோதுமையின் துரு எதிர்ப்பு பரம்பரையலகுகளில் இருக்கிறது, தகப்பன் தாயிடமிருந்து முறைப்படி வருகிறது என்று 1905-இல் பிரித்தானியாவின் பிஃபன் காட்டினார். பின்னால் ஃபுளோர் என்ற அமெரிக்கர் ஆளிச்செடியின் துருவில் இன்னொன்றைக் கண்டார்: செடியின் ஒவ்வொரு எதிர்ப்பு அலகுக்கும் நேரொத்த ஓர் அலகு பங்கசுவிலும் இருக்கிறது. பூட்டும் சாவியும்தான். பங்கசு தன் அலகைச் சற்று மாற்றிக்கொண்டால் பூட்டு திறந்துவிடும். கோடானுகோடி வித்திகளில் ஏதோ ஒன்று மாறினால் போதும். அந்த ஒன்றுக்கு ஒரு மாகாணம் முழுவதும் ஒரே இனக் கோதுமை விதைத்திருந்தால் வேறு என்ன வேண்டும்?

நோர்மன் போர்லோக் 1944-இல் மெக்சிக்கோவுக்குப் போனதே தண்டுத் துருவோடு மல்லுக்கட்டத்தான். குட்டைக் கோதுமை, பசுமைப் புரட்சி, 1970 சமாதான நொபெல் பரிசு எல்லாம் அந்த வேலையிலிருந்து வளர்ந்தவை. அதன்பிறகு சில பத்தாண்டு காலம் தண்டுத் துரு ஒழிந்துவிட்டது என்றே உலகம் நினைத்தது. ரை என்ற தானியத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்31 என்ற ஒரு எதிர்ப்பு அலகு உலகின் பல கோதுமை இனங்களில் உட்கார்ந்திருந்தது. 1998-இல் உகண்டாவில் அதை உடைத்த வகை காணப்பட்டது. யூஜி99 என்று பெயர். கென்யா, எதியோப்பியா, பிறகு செங்கடலைத் தாண்டி யேமன், 2007-இல் ஈரான். தொண்ணூறு வயதைத் தாண்டிய போர்லோக் மறுபடி மேடையேறி எச்சரித்தார். எதியோப்பியாவில் யூஜி99-ஐத் தாங்கும் என்று கொடுத்த டிகலு என்ற இனம் பரவலாக விதைக்கப்பட்டது. 2013-இல் தண்டுத் துருவின் வேறொரு வகை வந்து அந்த டிகலுவையே அழித்தது. பஞ்சாபில் பிபிடபிள்யூ 343 என்ற இனத்துக்கும் மஞ்சள் துருவால் இதே கதி.

இப்போது வளர்ப்பாளர்கள் ஒரு பெரிய அலகை நம்பாமல், நோயை முற்றாகத் தடுக்காமல் மெதுவாக்குகிற சிறிய அலகுகள் பலவற்றைச் சேர்க்கிறார்கள். எல்ஆர்34 என்பது அப்படியானது. நூறு வருடத்துக்கு மேல் வயலில் இருந்தும் துரு அதை உடைக்கவில்லை. அப்படியான பயிரில் கொஞ்சம் துரு தெரியும். வயல் கண்ணாடிபோலச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற கமக்காரருக்கு இது பிடிப்பதில்லை. என் கருத்தில், கொஞ்சம் புள்ளியோடு நிற்கிற பயிரைச் சகித்துக்கொள்வதே புத்தி. நெல்லிலும் ஒரே இனத்தை ஒரு குளத்தின் கீழ் முழுவதும் விதைக்கிற பழக்கத்தை நான் விரும்புவதில்லை, எரிபந்தமும் இதே விளையாட்டுத்தான் விளையாடுகிறது.

மருந்து அடித்தால் என்ன?

வேலை செய்யும். ரெபுகொனசோல், புரொபிகொனசோல் போன்றவை துருவை நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. நிபந்தனை, நோய் பரவ முன்பு, முக்கியமாகக் கொடி இலை எனப்படும் கடைசி இலை பாதிக்கப்பட முன்பு அடிக்க வேண்டும். வயல் முழுவதும் சிவந்த பிறகு அடிப்பது வீண் செலவு. ஐரோப்பாவில் பெரிய பண்ணைக்காரருக்கு இது வழக்கமான செலவு. எதியோப்பியாவில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு மருந்தும் தெளிகருவியும் வேண்டிய நாளில் கிடைக்க வேண்டுமே. 2021-இல் இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் இறக்குமதித் தடை வந்தபோது, வேண்டிய நாளில் பொருள் இல்லாமலிருப்பது என்றால் என்ன என்று நாமும் பார்த்தோம்.

துரு வந்தால் பாண் விலை கூடுமா?

ஒரு நாட்டில் மட்டும் வந்தால் நேரடியாகத் தெரியாது, வேறு நாட்டிலிருந்து வாங்குவார்கள். இரண்டு மூன்று பெரிய ஏற்றுமதி நாடுகளில் ஒரே பருவத்தில் விளைச்சல் குறைந்தால் தெரியும். 2022-ஐ நினைத்துப் பாருங்கள்: உக்ரேன் போர், இந்தியா மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது, நம் ரூபாயும் விழுந்தது. அதில் துருவுக்குப் பங்கில்லை. ஆனால் வெளிநாட்டுத் தானியத்தில் வாழ்கிற ஊரின் நிலை என்ன என்பதை அது காட்டிவிட்டது. பேக்கரிக்காரர்கள் துருச் செய்தியைப் பார்த்து மா மூட்டை அடுக்கத் தேவையில்லை. டொலர் விலையைப் பார்த்தால் போதும்.

சூடு கூடினால் துரு குறையுமா?

மஞ்சள் துரு குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 2000-க்குப் பிறகு கூடிய வெப்பத்தைத் தாங்கும் மஞ்சள் துரு வகைகள் பரவிவிட்டன. தண்டுத் துருவுக்கோ சூடு விருப்பம். 2016-இல் இத்தாலியின் சிசிலித் தீவில் அது பெரிதாகக் கிளம்பியது.

நாமே இங்கே கோதுமை பயிரிட்டால்?

திருகோணமலைச் சூட்டில் கோதுமை ஒழுங்காகக் கிளை வெடிக்காது, மணி நிறைய முன்பே முற்றிவிடும். குளிர்ந்த பருவம் இல்லாத இடத்தில் அதோடு மினக்கெட வேண்டாம். அரிசி மாவிலும் குரக்கனிலும் அந்தச் சிரத்தையைக் காட்டலாம்.

கோதுமைக்கு எரிபந்தமும் வந்ததாமே?

ஆம், அது துரு அல்ல. 1985-இல் பிரேசிலில் முதலில் தெரிந்தது. 2016-இல் பங்களாதேஷில் இறங்கியது. நெல் எரிபந்தத்துக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் கோதுமை வகை நம் நெல்லைப் பிடிக்க வருவதில்லை.

என் பயிரில் இருப்பது துருவா என்று யாரிடம் காட்டுவது?

உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள். இலை கொண்டுபோவதானால் முற்றாகக் காய்ந்ததை எடுக்காதீர்கள். பாதி நல்லதும் பாதி நோயுமாக நாலைந்து இலை, பத்திரிகைக் கடதாசியில் சுற்றி. பொலித்தீன் பையில் போட்டால் வேர்த்து அழுகி, போய்ச் சேர்வதற்குள் வேறு பூஞ்சணம் பிடித்துவிடும். இலையின் இரண்டு பக்கமும் தெரியப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எந்த இனம், எப்போது விதைத்தது, கடைசியாக என்ன உரம், என்ன மருந்து, எந்தத் திகதியில் போட்டது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். போதனாசிரியர் முதலில் கேட்பது அதைத்தான்.